கண் கலங்கியது, நன்றி சொல்ல ஆளில்லை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். ஆறேழு வருடங்களுக்கு முன் கடவுள் நம்பிக்கை உங்களை விட்டுப் போயிற்று, யாரோடும் சண்டை போட்டு அல்ல, மெல்ல மெல்லத் தானாகவே. போன மாதம் ஒரு விடியற்காலையில் கடலோரம் தனியாக நின்றிருக்கிறீர்கள். மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி, அதன் வழியாக வெளிச்சம் கசிந்து கடல் முழுக்கச் செம்பு நிறமாக மாறியபோது கண் கலங்கிவிட்டது. கூடவே யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல ஒரு தவிப்பு, சொல்ல ஆளில்லை. இதைப் போய் நெருங்கிய நண்பரிடம் சொன்னதும் அவர், "சூரிய உதயத்தை ரசிப்பதால் யாருடைய உயிரும் பிழைப்பதில்லை, பிள்ளையும் பிறப்பதில்லை. அப்படியானால் அந்த ரசனை பரிணாமத்தில் எப்படி வந்திருக்கும்? வைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குத்தான் உனக்கு நன்றி சொல்லத் தோன்றியது" என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பதில் வரவில்லை. "நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

நான் நரம்பியல் மருத்துவன், தத்துவமும் இறையியலும் என் துறை இல்லை. தெரிந்த வரை சொல்கிறேன். அழகுணர்ச்சியை விளக்கக் கடவுள் *தேவையா* என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் பதில். கடவுள் இல்லை என்று அதற்கு அர்த்தமா என்று கேட்டால், இல்லை. இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை.

உங்கள் நண்பரை லேசாக நினைக்காதீர்கள். அவர் கேட்டதையே கேட்டவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ், இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினோடு சேர்த்து 1858-இல் உலகத்துக்கு முன்வைத்த அதே வாலஸ். பதினோரு வருடம் கழித்து, 1869-இல், அவர் கொஞ்சம் பின்வாங்கினார். உடம்பு சரி, ஆனால் மனிதனின் இசைத்திறனும் கணக்கும் மேலான சிந்தனையும் பிழைப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிப் போகின்றன, அதற்கு ஏதோ ஒரு மேலான அறிவு வழிகாட்டியிருக்க வேண்டும் என்று அப்போதும் பிற்பாடும் எழுதினார். அந்த 1869 கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்ட டார்வின், உங்களுக்கும் எனக்கும் பொதுவான பிள்ளையை முழுசாகக் கொன்றுவிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் அவருக்குக் கடிதம் போட்டார். ஆக இது படிக்காதவர் கேட்கும் கேள்வி இல்லை.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு எப்போதும் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. மயில் தோகையைப் பற்றியும் இந்த இரண்டு பேருக்கும் தகராறு இருந்தது. அந்தத் தோகை டார்வினை ரொம்பவே படுத்தியது, அதைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860-இல் ஒரு நண்பருக்கு எழுதினார். அவ்வளவு பெரிய சுமையால் பிழைப்புக்கு என்ன லாபம்? 1871-இல் அவர் சொன்ன பதில் அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் அதிர்ச்சியான பதில்: பெண் மயிலுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு ரசனை இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அது தேர்ந்தெடுத்ததால் தோகை இப்படி வளர்ந்தது. வாலஸால் இதை ஏற்க முடியவில்லை. ஒரு பறவைக்கு ரசனையாவது! ஆணின் பளபளப்பெல்லாம் உடல் வலுவின் அறிகுறி, பெட்டை அழகைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆதாரம் எங்கே என்று விடாமல் வாதாடினார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டை மயிலுக்கு ரசனையே கிடையாது என்றவருக்கு, மனிதனின் ரசனையை விளக்க மேலே ஒரு சக்தி தேவைப்பட்டது. பறவைக்கும் கொஞ்சம் கொடுத்தவருக்குத் தேவைப்படவில்லை. கீழ்ப்படிகளை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு மாடிக்கு எப்படி வந்தோம் என்று நின்றால், யாரோ மேலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உங்கள் நண்பரின் வாதமும் இப்படித்தான் நிற்கிறது. மனித ரசனையைத் தனியாகப் பிரித்து, வேறு எதனோடும் ஒட்டாமல் வைத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்.

கீழ்ப்படிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. கென்யாவின் புல்வெளிகளில் விடோபேர்ட் என்று ஒரு கறுப்புக் குருவி இருக்கிறது. ஆணுக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர் வால், பறக்கும்போது பின்னால் நாடா போல இழுத்துக்கொண்டு போகும். மால்ட்டே ஆண்டர்ஷோன் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே போய், கத்தரிக்கோலும் பசையுமாக ஒரு வேலை செய்தார். சில ஆண்களின் வாலைக் குட்டையாக வெட்டினார், வெட்டிய இறகுகளை வேறு சில ஆண்களின் வாலில் ஒட்டி இயற்கையில் எங்குமே இல்லாத நீளத்துக்கு நீட்டினார். வெட்டுவதும் ஒட்டுவதுமே பறவையைப் பாதித்திருக்கலாம் அல்லவா, அதற்காக இன்னும் சில ஆண்களின் வாலை வெட்டி அதே இடத்தில் அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டிவிட்டார் (எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், எவ்வளவு பொறுமை). பிறகு யாருடைய எல்லைக்குள் எத்தனை புதுக் கூடுகள் வருகின்றன என்று எண்ணினார். வால் நீட்டப்பட்ட ஆண்கள்தான் ஜெயித்தன. இந்தச் சோதனை 1982-இல் வெளியானது. அந்தப் பெட்டைகள் அவ்வளவு நீளமான வாலைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே கிடையாது, ஆனாலும் பிடித்திருந்தது. ரசனை, கண்ணெதிரே கிடைக்கும் பொருளைத் தாண்டி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, அது ஜோடி தேடுவது. சூரியனை நான் கல்யாணமா செய்துகொள்ளப் போகிறேன்?" என்று உங்கள் நண்பர் கேட்பார். நியாயமான கேள்விதான். இங்கே அறிவியல் பக்கத்து ஆட்களான நாங்களும் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும். எதைக் கேட்டாலும், ஆதி மனிதன் அந்தக் காட்சியை ஏன் விரும்பினான் தெரியுமா என்று உடனே ஒரு கதை கட்டிவிடும் பழக்கம் எங்களிடம் உண்டு. சோதித்துப் பார்க்க வழியில்லாத கதைகள் நிறைய. அதனால் சூரிய உதய ரசனைக்கென்று தனியாக ஒரு பயனை நான் தேடப் போவதில்லை, தேட வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, படிப்பதற்காக மூளை பரிணமிக்கவில்லை. எழுத்து வந்தே சுமார் 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. ஆனாலும் எழுத்து பழகியவர் யாராக இருந்தாலும், மூளையின் இடப்பக்கத்தில் ஏறக்குறைய ஒரே இடம்தான் சொற்களை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது. பொருள்களின் உருவங்களைப் பிரித்தறிய இருந்த இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. பிழைப்புக்கு நேரடியாக உதவாத ஒன்று பரிணாமத்தில் வந்திருக்கவே முடியாது என்பது தப்பு. வேறொன்றுக்காக வந்தது இதற்கும் வேலை செய்யும்.

அழகும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியும் கண், இலைகளுக்கு நடுவில் பழுத்ததைக் கண்டுபிடிக்க நம் முன்னோருக்கு உதவியிருக்கும் என்பது பலமான ஊகம். அதற்கு மேல், ஒழுங்கைக் கண்டால் சந்தோஷப்படும் மூளை, புதிதைக் கண்டால் விழித்துக்கொள்ளும் மூளை, அம்மாவின் குரலில் அமைதியடையும் மூளை, இதெல்லாம் தனித்தனியாகப் பிழைப்புக்கு உதவியவை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது நமக்கு என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கடற்கரை.

2011-இல் செமீர் ஸெகியும் டொமோஹிரோ இஷிஸுவும் 21 பேருக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஓவியம் காட்டினார்கள், இசை கேட்கவைத்தார்கள். அழகு என்று அவர்கள் சொன்னபோதெல்லாம், கண் வழியாக வந்தாலும் காது வழியாக வந்தாலும், நெற்றிக்குப் பின்னால் கண்குழிகளுக்கு மேலே நடுவில் இருக்கும் ஒரே பகுதி சுறுசுறுப்பானது. மூன்று வருடம் கழித்து ஸெகியின் குழு கணித வல்லுநர்களிடம் சமன்பாடுகளைக் காட்டியது, அழகான சமன்பாட்டுக்கும் அங்கேதான். பரிசு, சுவை, லாபம் போன்றவற்றின் மதிப்பைக் கணக்கிடுவதிலும் அந்தப் பக்கத்துக்குப் பங்கு உண்டு. விண்ணுலகத்து வரவு என்று தனிக் கணக்கு எதுவும் அங்கே கிடையாது, எல்லாம் ஒரே பேரேட்டில்தான் பதிவாகிறது.

இன்னொன்று சொல்கிறேன், மருத்துவ இலக்கியத்தில் 2004-இல் பதிவானது. 52 வயதான ஒரு வானொலி அறிவிப்பாளர். வேலை முடிந்ததும் ராக்மானினோவின் பியானோ இசையைக் கேட்பது வழக்கம், கேட்கும்போது தன்னை மறந்துவிடுவார். பக்கவாதம் வந்து மூளையின் இடப்பக்கம் உள்ளே ஒரு பகுதி பாதிக்கப்பட்டது. பேச்சு தேறி வந்த பிறகும் ஒரு குறை மிச்சமிருந்தது: அதே இசை, அதே சுரங்கள், எல்லாம் சரியாகக் காதில் விழுகின்றன, சிலிர்ப்பு மட்டும் வரவில்லை. இசை மேல் இருந்த உணர்ச்சி தனியாகக் கழன்றுவிட்டது. நோய் நொடி எதுவும் இல்லாதவர்களிலும் சிலர் இப்படி உண்டு, பாட்டு புரியும், பிடிக்காது, வேறு எல்லா இன்பமும் வழக்கம் போல இருக்கும். பார்சிலோனாவில் ஒரு குழு இதை 2014-இல் சோதித்தே காட்டியது, இசைக்கு அசையாத இதயம் பணம் ஜெயிக்கும்போது நன்றாகவே துடித்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வாதம் வரும்: ரேடியோ கெட்டுப்போனால் பாட்டு நிற்கும், அதற்காகப் பாட்டு ரேடியோவுக்குள் பிறந்தது என்று ஆகிவிடுமா, ஒலிபரப்பும் நிலையம் வேறெங்கோ இருக்கலாமே? என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், கேட்கும்போது கண்ணில் ஒரு வெற்றிக்களை தெரியும். இதை மறுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுக்க முடியாததுதான் அதன் பலவீனம். மூளை அடிபட்டு ரசனை போனாலும் ரேடியோ, போகாமல் இருந்தாலும் ரேடியோ, கூடினாலும் ரேடியோ. எந்த முடிவு வந்தாலும் தோற்காத வாதம் எதையும் நமக்குப் புதிதாகச் சொல்வதில்லை.

நான் மாணவனாக இருந்தபோது நடந்தது ஒன்றை எழுதிவிடுகிறேன், உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஞாபகம் வந்தது அதுதான். சிறுமூளையின் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கோல்ஜி முறையில் வெள்ளி உப்பால் சாயமேற்றியது. அந்தச் சாயத்துக்கு ஒரு விசித்திரம், ஆயிரக்கணக்கான செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றை மட்டும் பிடிக்கும், ஆனால் பிடித்ததை நுனி வரை கருப்பாக்கிவிடும். குவியத்தைத் திருகிக்கொண்டே போனேன், தேன் நிறப் பின்னணியில் ஒரு புர்க்கின்யே செல் (சிறுமூளையின் பெரிய நரம்பணு) எழுந்து வந்தது. அடியில் துளி மாதிரி ஒரு உடல், அதிலிருந்து ஒரு தண்டு, தண்டு இரண்டாகி நான்காகி நூறாகி, சுவரோடு சுவராகத் தட்டையாகப் படர்த்திய மரம் போல விரிந்து நின்றது, கடைசிக் கிளையில்கூட நுண்ணிய முள் முள்ளாக ஏதோ. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது, பின்னால் வரிசையில் நின்றவன் முதுகில் தட்டினான்.

அது ஏன் அந்த வடிவம் என்பது அப்புறம் புரிந்தது. அந்தத் தட்டையான விசிறிக்குக் குறுக்காக மெல்லிய நரம்பிழைகள் கம்பி கம்பியாக ஓடுகின்றன. ஒரு விசிறி லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை வாங்கிக்கொள்ள வேண்டும், குறைந்த இடத்தில் நிறையக் கம்பிகளைத் தொட வேண்டுமானால் இப்படித்தான் விரிய முடியும். மீனுக்கும் இந்தச் செல் உண்டு. அதாவது பல கோடி வருடங்களாக மண்டையோட்டின் இருட்டுக்குள், யாரும் பார்க்காமல், அந்த மரங்கள் நின்றுகொண்டிருந்தன. 1873-இல் கோல்ஜி அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அதன் முழு அழகு மனிதக் கண்ணில் பட்டது. நமக்காக வைத்த அழகு என்றால் ஏன் இவ்வளவு ஒளித்து வைக்க வேண்டும்? நாம் பார்க்காவிட்டால் என்ன, கடவுள் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று நம்பிக்கை உள்ளவர் சொல்லலாம். அழகான பதில்தான். ஆனால் ஏற்கெனவே நம்புகிறவருக்கு வரும் பதில் அது, அதை வைத்து நம்பாதவரை நம்பவைக்க முடியாது.

அழகைச் சாட்சியாக அழைப்பதில் இன்னொரு சிக்கல், சாட்சி ஆள் பார்த்துப் பேசும். மரகதப் பச்சையில் மின்னும் ஒரு குளவி இருக்கிறது, நகைக்கடையிலிருந்து எழுந்து பறந்து வந்தது போலிருக்கும். அது கரப்பான்பூச்சியின் மூளையிலேயே கொட்டி, தப்பி ஓடும் எண்ணமே வராமல் செய்து, மீசையைப் பிடித்து மாட்டைப் போல ஓட்டிக்கொண்டு போய் வளைக்குள் விட்டு அதன் மேல் முட்டையிடும். குஞ்சு வெளியே வந்து உயிரோடிருக்கும் கரப்பானை உள்ளேயிருந்து தின்னும். குளவியின் நிறத்தைக் கடவுள் கணக்கில் எழுதச் சொன்னால் அந்த வளைக்குள் நடப்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வானியலாளர் கெப்லரை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. ஆழ்ந்த பக்திமான். கடவுள் வடிவக்கணிதம் தெரிந்தவர், அதனால் கோள்களின் பாதைகள் ஐந்து சீரான திண்ம வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கணக்கில் இருக்கும் என்று 1596-இல் எழுதினார். பார்த்தால் மயங்கிப்போகும் அளவுக்கு அழகான திட்டம், ஆனால் தப்பு. பிறகு செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டபோது, அளந்த இடத்துக்கும் கணக்குக்கும் 8 கலை (ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு கலை) வித்தியாசம் வந்தது, முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு. கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். விடவில்லை, வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு நீள்வட்டத்துக்கு வந்தார், 1609-இல் வெளியிட்டார். நம்பிக்கையை அவர் கடைசி வரை விடவில்லை என்பதையும் கவனியுங்கள். செவ்வாய் விஷயத்தில் அழகை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமலேயே அவரால் அழகையும் கடவுளையும் நேசிக்க முடிந்தது. உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள், என் மற்ற வாதங்களைவிட இதை அவர் விரும்பக்கூடும்.

மிஞ்சுவது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். நரம்பணு துடிக்கிறது, சரி, ஆனால் அது ஏன் உள்ளே ஒரு அனுபவமாக இருக்கிறது, ஏன் செம்பு நிறம் *அப்படி* இருக்கிறது? என் துறையில் யாரிடமும் இதற்கு முழு விடை இல்லை. ஆனால் இந்தப் புதிர் அழகுக்கு மட்டும் உரியது இல்லையே. பல்வலிக்கும் அதே புதிர்தான், ஏன் அது உள்ளே அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பல்வலியைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க யாரும் வருவதில்லை (வலிக்கும்போது "கடவுளே" என்றுதான் கத்துகிறோம், அது வேறு).

இனி அந்த நன்றி. உங்களை உண்மையில் தொந்தரவு செய்வது அதுதான் என்று தோன்றுகிறது, மயிலும் குருவியும் அல்ல. பழைய தமிழில் முருகு என்றால் அழகு, கடவுளும் அதுவே. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், பார்த்தவரை வாட்டும் பெண்ணும் அணங்குதான். மலைக்கவைப்பதையும் வணங்கவைப்பதையும் ஒரே சொல்லில் போட்டு வைத்தவர்கள் வாதத்தில் தோற்று அப்படிச் செய்யவில்லை, உள்ளே இரண்டும் ஒரே மாதிரி இருந்திருக்கும். நன்றி மனிதர்களுக்கு நடுவில் பிறந்த உணர்ச்சி: யாராவது கொடுத்தால் கொடுத்தவர் முகத்தைத் தேடும். கேட்காமல் இவ்வளவு பெரிதாக ஒன்று கிடைத்ததும் அது பழக்கப்படி முகத்தைத் தேடியிருக்கிறது. அந்தத் தேடல் உண்மையானது. அங்கே முகம் இருந்தது என்பதற்கு அது ஆதாரமில்லை, முகம் இல்லாததால் அது பொய்யும் இல்லை. நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அவசரமாக எதையாவது முடிவு செய்து அதை மூடினால்தான், நம்புகிறேன் என்று மூடினாலும் சரி வெறும் டோபமின், மூளையின் ஒரு ரசாயனம் என்று மூடினாலும் சரி, ஏமாற்றுவது ஆரம்பிக்கும். விளக்கம் தெரிந்தால் அனுபவம் சின்னதாகிவிடும் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அந்த விசிறி ஏன் தட்டை என்று தெரிந்த பிறகும் இன்றும் எனக்கு அதைப் பார்த்தால் கை நிற்கிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. டார்வின் தன் கடைசிக் காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், இளமையில் உயிராக இருந்த கவிதை இப்போது படிக்கவே முடியவில்லை, இசை, ஓவிய ரசனையும்கூடக் கிட்டத்தட்டப் போய்விட்டது, மனம் தகவல்களை அரைத்து விதிகளைத் தள்ளும் இயந்திரமாகிவிட்டது என்று வருந்துகிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படித்து இசை கேட்பேன், அப்படிச் செய்திருந்தால் ஒருவேளை மூளையின் இந்தப் பகுதி செத்திருக்காது என்கிறார். யாரும் வாதாடி அவரிடமிருந்து அதைப் பிடுங்கவில்லை, புழங்காமல் போயிற்று.

அதனால் உங்கள் கடிதத்தின் பின்குறிப்புக்கு வருகிறேன். நண்பர் மறுபடி கடற்கரைக்குக் கூப்பிடுகிறார், அழுதுவிட்டால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள். சூரியன் எழுவதற்கு ஒரு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், நிறம் மாற ஆரம்பிப்பது அப்போதுதான். வெளிச்சம் முழுசாக வரும் வரை இந்த விஷயத்தைப் பேசுவதில்லை என்று இரண்டு பேரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். அவருக்குக் கைகூப்பத் தோன்றினால் கூப்பட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். திரும்பி வரும்போது வேண்டுமானால் வாலஸ் கதையைச் சொல்லுங்கள்.